குளிர் நாட்டுல இட்லி மாவு பொங்கணுமா? கூடவே தயிர், கருவேப்பிலை, காபி பத்தியும்

ஜெர்மனிக்கு வந்த மொத வருஷம் நவம்பர்ல இட்லி மாவு அரைச்சு அடுப்படி மேடையில வச்சேன். மறுநாள் பாத்தா வச்சது வச்சபடி கெடக்கு, ரெண்டாம் நாளும் அப்படியே, மூணாம் நாள் மேல தண்ணி தெளிஞ்சு நின்னு கீழ மாவு சிமெண்ட் மாதிரி படிஞ்சு போச்சு. அம்மாவுக்கு போன் போட்டேன், "வெயில் படுற எடத்துல வைப்பா"ன்னாங்க. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடுதும்மா, வெயிலுக்கு நான் எங்க போறதுன்னு சொன்னதும் அவங்களுக்கே என்ன சொல்றதுன்னு தெரியல. ஊர்ல மாவு தானா பொங்கும், பால் தானா உறையும், வத்தல் தானா காயும்னு நெனச்சுட்டு இருந்தோம்ல, எதுவும் தானா நடக்கல, எல்லாத்தையும் வெயில் செஞ்சுட்டு இருந்துச்சு, இங்க அந்த வேலைய நாமதான் செய்யணும். இத புரிஞ்சுகிட்டதுக்கு அப்பறம் எனக்கு ஊர் சாப்பாடு முக்காவாசி கைக்கு வந்துடுச்சு. புதுசா வர்ற பசங்க, கல்யாணம் ஆகி வர்ற பொண்ணுங்க எல்லாரும் இதயே கேக்குறாங்க, அதான் ஒரு தடவ முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல மாவு. அரிசியில இருந்து ஆரம்பிக்கிறேன். இட்லி அரிசி கெடச்சா பிரச்சனையே இல்ல, கெடைக்காத ஊர்ல இருக்கீங்கன்னா சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட் மேல பார்பாயில்டுன்னு போட்ட அரிசி இருக்கும், அது நம்ம புழுங்கலரிசிதான், நீட்டு அரிசியா இருக்கும், பரவால்ல. பாஸ்மதியில மட்டும் பண்ணாதீங்க, இட்லி வறவறன்னு வரும். உளுந்து முழு உளுந்தா, தோல் இல்லாததா, முடிஞ்ச அளவு புதுசா வாங்குங்க, பாக்கெட்ல தேதி பாருங்க, ஏன்னா பழைய உளுந்து எவ்வளவு அரைச்சாலும் பொங்காது, அந்த ஒரு காரணத்துக்காகவே பல பேர் தன் கை சரியில்லன்னு நெனச்சுட்டு இருக்காங்க. ஊர்ல நாலுக்கு ஒண்ணு போடுவோம், குளிர் நாட்டுல நான் மூணுக்கு ஒண்ணு போடறேன், மூணு கப் அரிசி, ஒரு கப் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், அரைக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒரு கை அவல் ஊற வச்சு அரிசியோட சேத்துக்குவேன். மாவ புளிக்க வைக்கிற கிருமியெல்லாம் பெரும்பாலும் உளுந்து, அரிசி மேலயே ஒட்டிட்டு வருது, அதனால அரிசியவும் உளுந்தையும் போட்டு தேய் தேய்னு பத்து தடவ கழுவ வேண்டாம், ரெண்டு தண்ணி போதும். ஊற வச்ச உளுந்து தண்ணிய கொட்டாம அதயே அரைக்க ஊத்திக்கலாம், குழாத் தண்ணியில குளோரின் வாசம் அடிக்கிற ஊரா இருந்தா கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியில ஊற வைங்க.

அரைக்கிறதுல ஒரே ஒரு விஷயம், உளுந்து சூடாகக்கூடாது. கிரைண்டர் இருந்தா கவலையில்ல. ஊர்ல இருந்து கிரைண்டர் தூக்கிட்டு வரலாமான்னு கேக்குறவங்களுக்கு, யூரோப், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம்னா கரண்ட் ஏறக்குறைய நம்ம வோல்டேஜ்தான், பிளக் மட்டும் மாத்திக்கணும். அமெரிக்கா, கனடான்னா 110 வோல்ட் மாடல்னு கேட்டு வாங்குங்க, சாதா மாடல கொண்டு போனா மோட்டார் சரியா சுத்தாது. மிக்ஸி மட்டும்தான்னா ஐஸ் தண்ணி ஊத்தி, விட்டு விட்டு அரைங்க, ஜார தொட்டுப் பாத்து சூடா இருந்தா அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. உளுந்து போதுமான அளவு அரைஞ்சுதான்னு பாக்க ஒரு கிண்ணம் தண்ணியில ஒரு சொட்டு மாவ போடுங்க, மெதந்தா சரி, முங்குனா இன்னும் அரைக்கணும். உளுந்துல இருக்குற அந்த வழவழப்புதான் காத்த பிடிச்சு வச்சுக்குது, அது இல்லன்னா உள்ள கிருமி எவ்வளவு வேல செஞ்சாலும் காத்து வெளிய போயிடும், மாவு புளிக்கும் ஆனா எழும்பாது. அரிசிய நைசா அரைக்காம ரவை பதத்துக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு கையால கலக்குங்க. கரண்டி வேண்டாம், கை. கையில இருக்குற சூடும் சேந்து மாவுக்கு போகும், அம்மா சொன்னதுலயே நான் இன்னைக்கு வரைக்கும் மாத்தாத ஒரே விஷயம் இது. உப்பு குளிர்காலத்துல நான் பொங்குனதுக்கு அப்பறம்தான் போடறேன், உப்பு புளிக்கிற வேகத்த கொஞ்சம் கொறைக்கும்.

இப்ப சூடு. மாவுக்கு வேணும்ங்கிற சூடு 28 டிகிரியில இருந்து 32 டிகிரி வரைக்கும், அதுல பத்து பன்னெண்டு மணி நேரம். நம்ம வீடு பகல்ல 20, ராத்திரி பல வீட்டுல ஹீட்டர் தானா கொறைஞ்சு 17, 18க்கு போயிடும், அந்த சூட்டுல ஒரு நாள் முழுக்க வச்சாலும் மாவு தூங்கிட்டுதான் இருக்கும். எல்லாரும் சொல்ற வழி என்னன்னா ஓவனுக்குள்ள வச்சு லைட்ட மட்டும் போட்டு விடுறது. நல்ல வழி, ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, பழைய குண்டு பல்புதான் சூடு குடுக்கும், புது ஓவன்ல எல்இடி லைட் வருது, அது ராத்திரி பூரா எரிஞ்சாலும் சூடே வராது. நான் வீடு மாறுனப்ப இதுல மாட்டிகிட்டேன், ரெண்டு வாரம் மாவு வீணாச்சு. அதனால மாவு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணிய ஓவனுக்குள்ள வச்சு லைட்ட போட்டு மூணு மணி நேரம் கழிச்சு தெர்மாமீட்டர் விட்டு பாருங்க. 28க்கு மேல இருந்தா கெடச்சது வழி, 36, 37னு காட்டுனா கதவுல ஒரு மரக்கரண்டிய சொருகி கொஞ்சம் தெறந்து வைங்க. லைட்ல சூடே வரலன்னா ஒரு பெரிய பாத்திரத்துல கொதிக்கிற தண்ணி ஊத்தி மாவுக்கு கீழ் தட்டுல வச்சு கதவ சாத்துங்க, தண்ணி ஆறிடும், அதனால மாத்தணும், படுக்கும்போது ஒண்ணு, காலையில எந்திரிச்சதும் ஒண்ணு. பிக்னிக் போறப்ப எடுத்துட்டு போற கூல் பாக்ஸ் இருந்தா இன்னும் நல்லது, அது குளிர பிடிச்சு வைக்கிற மாதிரியே சூட்டயும் பிடிச்சு வைக்கும், ரெண்டு பாட்டில்ல வெந்நீர் ஊத்தி மாவோட உள்ள வச்சு மூடிட்டா ராத்திரி முழுக்க தாங்கும்.

ஓவன்ல வச்சா கதவுல ஒரு பேப்பர் ஒட்டுங்க, "உள்ள மாவு இருக்கு"ன்னு. கூட தங்கியிருந்த பையன் பீட்சா போட ஓவன ஆன் பண்ணி, பிளாஸ்டிக் மூடி உருகி மாவு மேல ஒட்டி, வீடெல்லாம் ஒரே நாத்தம். மூணு நாள் ஆசையா காத்துட்டு இருந்த மாவு அது.

இன்ஸ்டன்ட் பாட்ங்கிற கரண்ட் குக்கர் வச்சிருக்கவங்க யோகர்ட் பட்டன அமுக்குவாங்க. கவனிங்க, அதுல நார்மல்ங்கிறது தயிருக்கான சூடு, 40 டிகிரி பக்கம் போகும், மாவ எழுப்புற கிருமிக்கு அது ரொம்ப ஜாஸ்தி, மாவு புளிச்ச வாசம் அடிக்கும் ஆனா எழும்பாது. அதுல லெஸ்னு ஒரு அளவு இருக்கும், அத வைங்க. மூடிய பூட்ட வேண்டாம், ஒரு தட்டு போட்டு மூடுனா போதும், பூட்டுனா பொங்கி வந்து மூடியில இருக்குற ஓட்டையில எல்லாம் மாவு காஞ்சு ஒட்டிக்கும். பாத்திரத்துல பாதிக்கு மேல மாவு ஊத்தாதீங்க. ஒரு தடவ நல்லா பொங்கிடுச்சுன்னா அதுல ஒரு கரண்டி எடுத்து பிரிட்ஜ்ல வச்சுக்குங்க, அடுத்த தடவ அரைச்ச மாவுல அத கலந்தா பாதி வேல முடிஞ்சது.

எல்லாம் செஞ்சும் எழும்பலையா, கொட்டாதீங்க, புளிப்பு வாசம் இருந்தா ஊத்தப்பமா ஊத்தலாம், வெங்காயம் தாளிச்சு போட்டு பணியாரம் பண்ணலாம். மேல பிங்க்கோ கறுப்போ பூசணம் தெரிஞ்சா மட்டும் யோசிக்காம மொத்தத்தையும் கொட்டிடுங்க, மேலாப்புல எடுத்துட்டு யூஸ் பண்றதெல்லாம் வேண்டாம். எனக்கு மொத மொத சரியா வந்த அன்னைக்கு காலையில ஓவன் கதவ தெறந்தா மாவு தட்ட தூக்கிட்டு விளிம்பு தாண்டி வழிஞ்சு நின்னுச்சு, கரண்டிய விட்டதும் நொரநொரன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த புளிச்ச வாசமும், எங்க வீட்டு அடுப்படியில நின்ன மாதிரியே இருந்துச்சு. வெளிய பனி கொட்டிட்டு இருந்துச்சு.

தயிர் சீக்கிரம் சொல்லிடறேன். முழுக் கொழுப்பு உள்ள பால் வாங்குங்க. நல்லா பொங்க காய்ச்சி, அஞ்சு நிமிஷம் அடுப்ப கொறைச்சு வச்சு கிண்டிட்டு, சுண்டு விரல விட்டா சூடு சொகமா தாங்குற அளவுக்கு ஆற விடுங்க, தெர்மாமீட்டர்ல 42, 43 வரும். உறைக்கு கடையில சாதா யோகர்ட், சர்க்கரை போடாதது, உயிருள்ள கல்ச்சர்னு லேபிள்ல எழுதியிருக்குறது, அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன், கொஞ்சம் பால்ல கரைச்சு ஊத்துங்க. அதுல இருக்குற கிருமி சூட்டுலதான் வேல செய்யும், அதனால இட்லி மாவுக்கு ஜாஸ்தின்னு சொன்னேன்ல, அந்த 40 டிகிரிதான் தயிருக்கு சரி, இன்ஸ்டன்ட் பாட் நார்மல இதுக்கு வச்சுக்குங்க. இல்லன்னா பாத்திரத்த கம்பளியில சுத்தி அந்த கூல் பாக்ஸ்ல வைங்க, ஆறு மணி நேரம். உறைஞ்சதும் ஆட்டாம பிரிட்ஜுக்கு மாத்துங்க. மோர்க்குழம்பு வைக்கணும்னா ஒரு நாள் வெளிய விட்டு புளிக்க விடுங்க, கடை யோகர்ட்ல நேரா மோர்க்குழம்பு வச்சா குழம்பு சப்புன்னு இருக்கும்.

அடுத்து கடை. இந்தியன் கடை இல்லாத ஊர்ல மாட்டிகிட்டவங்க நெறைய பேர் ஊர் சாப்பாடே இல்லன்னு நெனச்சு பாஸ்தா சாப்ட்டுட்டு இருக்காங்க, எனக்கு அத கேட்டா மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா நம்ம காய்கறி எல்லாம் வேற பேர்ல பக்கத்து தெருவுல இருக்கு. பிலிப்பைன்ஸ்காரங்க கடையில ஃப்ரீசர்ல மலுங்கையின்னு ஒரு கீரை இருக்கும், அது முருங்கைக்கீரைதான், நான் மொத தடவ பாத்தப்ப பாக்கெட்ட திருப்பி திருப்பி பாத்துட்டு நாலு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். ஜமைக்கா, கரீபியன் ஆளுங்க கடையில கிரீன் பனானான்னு வாழைக்காய் இருக்கும், பக்கத்துலயே பெருசா பிளான்டெய்ன்னு இருக்கும், பொரியலுக்கு சின்னதத்தான் எடுங்க. சேப்பங்கிழங்கு அங்க எட்டோன்னு, சைனீஸ் கடையில டாரோன்னு இருக்கும். தாய்லாந்து கடையில கட்டிப் புளி வாங்கலாம், ஆனா சாப்பிடுறதுக்குன்னு ஓட்டோட விக்கிற இனிப்புப் புளி வேற, அத ரசத்துல போட்டா ரசம் இனிக்கும். சின்ன வெங்காயத்துக்கும் தாய் கடையில இருக்குற குட்டி ஷாலட்தான் கிட்ட வருது, சூப்பர் மார்க்கெட்ல விக்கிற நீட்டு ஷாலட்ல அந்த காரம் இருக்காது. பாகற்காய் சைனீஸ் கடையில வெளுத்துப் போய் வழவழன்னு இருக்கும், கசப்பு கம்மி, புளிக்குழம்புக்கு நல்லாவே இருக்கு. தேங்காய் முழுசா வாங்குனா பாதி நாள் உள்ள கெட்டுப் போயிருக்கும், ஃப்ரீசர்ல துருவி வச்சத வாங்குங்க, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வச்சு அரைச்சா சட்னிக்கு அப்படியே இருக்கு.

நல்லெண்ணெய்ல மட்டும் ஏமாந்துடாதீங்க. சைனீஸ், ஜப்பான், கொரியா கடையில எள்ளெண்ணெய்னு பிரவுன் கலர்ல இருக்கும், அது எள்ள வறுத்து எடுத்த எண்ணெய், ஒரு ஸ்பூன் ஊத்துனாலே குழம்பு பூரா அந்த வறுத்த வாசம்தான். இட்லிப் பொடிக்கு அத ஊத்தி சாப்ட்டவங்களுக்கு தெரியும். நம்மளது வறுக்காத எள்ளுல ஆட்டுறது, இலங்கைத் தமிழ் ஆளுங்க கடையில கண்டிப்பா இருக்கும். இலங்கைத் தமிழ் கடைன்னதும் சொல்லணும், பாரிஸ்ல லா ஷப்பெல், லண்டன்ல டூட்டிங், ஈஸ்ட் ஹாம், டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோன்னு எங்கெல்லாம் அவங்க இருக்காங்களோ அங்கெல்லாம் நமக்கு வேணும்ங்கிறது அத்தனையும் இருக்கு, கருவாடு வரைக்கும். போர் நேரத்துல கையில ஒண்ணுமில்லாம வந்த சனம் கட்டி எழுப்புன கடைங்க அது, இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் அடுப்பு எரியறதுல அவங்க பங்கு பெருசு. பக்கத்துல இல்லன்னாலும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரயில் ஏறி போயிட்டு ஒரு பெட்டி நெறைய வாங்கிட்டு வாங்க.

கருவேப்பிலை தனியா சொல்லணும், ஏன்னா ஊர்ல இருந்து வரும்போது எல்லாரும் மொத பெட்டியில வைக்கிறதே அதத்தான். அமெரிக்காவுக்கு பச்ச கருவேப்பிலைய கொண்டு போகாதீங்க, கருவேப்பிலை செடி ஆரஞ்சு எலுமிச்சை குடும்பம், இலையில ஒட்டிட்டு வர்ற ஒரு சின்ன பூச்சி ஆரஞ்சு மரங்கள கொல்ற நோய பரப்பும், அதனால ஏர்போர்ட்ல பாத்தா எடுத்துடுவாங்க, சொல்லாம மறைச்சிருந்தா ஃபைன் வேற. யூரோப்லயும் 2019 டிசம்பர்ல இருந்து பழம், காய், இலை எது கொண்டு வந்தாலும் செடி நோய் இல்லன்னு சர்ட்டிபிகேட் வேணும், அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், துரியன் இந்த அஞ்சுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால இங்கயே கெடைக்கிறப்ப நெறைய வாங்கிடுங்க. கழுவி, துணியில பரப்பி ஈரம் சுத்தமா போனதும் காம்புல இருந்து உருவி ஒரு ஜிப் கவர்ல போட்டு காத்த வெளியேத்தி ஃப்ரீசர்ல வைங்க. எடுத்து உருக விடாம நேரா சூடான எண்ணெய்ல போடணும், கலர் கறுத்திருக்கும், வாசம் அப்படியே இருக்கும். காய வச்சு டப்பாவுல போடுறது வேண்டாம், அது வெறும் இலை.

பெட்டி கட்டுறதுல இன்னும் ரெண்டு மூணு. சிங்கப்பூர், துபாய், சவுதி போறவங்க கசகசாவ தொடவே தொடாதீங்க, அங்க அது போதைப்பொருள் சட்டத்துல வருது, கரம் மசாலா பாக்கெட்ல கூட கலந்திருக்கான்னு படிச்சுட்டு வைங்க, இது விளையாட்டு இல்ல, ஜெயில் வரைக்கும் போகும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால தீ பிடிக்கும்னு செக்-இன் பெட்டியில விட மாட்டாங்க, பருப்புப் பொடியில கலந்து வறுத்து அரைச்சு எடுத்துட்டு வாங்க. ஊறுகாய் கைப்பையில வேண்டாம், 100 மில்லி கணக்குல மாட்டும், பெரிய பெட்டியில வைங்க, பாட்டில் மூடிக்கு மேல பிளாஸ்டிக் சுத்தி டேப் போட்டு, அத ஒரு பழைய லுங்கிக்குள்ள சுருட்டி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னா சாப்பாட்டு சாமான் எது வச்சிருந்தாலும் உள்ள நுழையும்போது நிரப்புற ஃபார்ம்ல இருக்குன்னு டிக் பண்ணிடுங்க, காட்டுனா பாத்துட்டு முக்காவாசிய விட்டுடுவாங்க, மறைச்சாதான் தண்டனை. எடம் கம்மின்னா இங்க எப்படியும் செய்ய முடியாதது எதுவோ அதுக்கு எடம் குடுங்க. என் பெட்டியில மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல், கூழ் வடகம் இந்த மூணுக்கும்தான் மொத எடம், அது மூணும் மொட்டை மாடி வெயில் குடிச்சு வந்தது, எந்த ஓவன்லயும் அது வராது. மிளகாய தாளிக்கும்போது மட்டும் ஜன்னல தெறந்து எக்ஸாஸ்ட் போட்டுட்டு செய்ங்க, ஸ்மோக் அலாரம் அடிச்சா பில்டிங்கே கீழ எறங்கி நிக்கும்.

கடைசியா காபி. பொடி ஒரு கிலோவா கொண்டு வந்து அலமாரியில வச்சா ஒரு மாசத்துல வாசம் போயிடும், கால் கிலோ பாக்கெட்டா வாங்கி ஒண்ண மட்டும் பிரிச்சுக்குங்க, மத்தது பிரிக்காம ஃப்ரீசர்ல. சிக்கரி கலக்குற ஆளுன்னா இருபது, முப்பது சதவீதம் போதும். இங்க விக்கிற எஸ்பிரசோ பொடி நம்ம ஃபில்டர்ல போட்டா நைசா இருக்குறதால அடைச்சுக்கும், சொட்டவே சொட்டாது, கடையில அரைச்சு குடுக்குறாங்கன்னா அதுக்கு ஒரு பதம் பெருசா கேளுங்க. மேல் கிண்ணத்துல மூணு ஸ்பூன் பொடி, லேசா தட்டி சமப்படுத்தி, குடைய வச்சு, கொதிச்சு எறங்குன தண்ணிய சுத்தி சுத்தி ஊத்துங்க. குளிர்ல ஸ்டீல் ஃபில்டர் சட்டுனு ஆறிடும், அதனால மொதல்லயே வெந்நீர்ல அலசி சூடு பண்ணிட்டு, ஊத்துனதும் ஒரு துண்ட சுத்தி வைங்க. இருபது நிமிஷம். பால் இங்க பாக்கெட்ல இருந்து அப்படியே சூடு பண்ணி ஊத்துறாங்க, நீங்க ஒரு தடவ பொங்க விட்டு எறக்குங்க, ருசியே மாறிடும். மொத டிகாஷன்ல காலை காபி போட்டாச்சுன்னா பொடிய கொட்டிடாதீங்க, அதுலயே இன்னொரு தடவ கொஞ்சம் வெந்நீர் ஊத்தி வச்சுட்டு வேலைக்கு கெளம்புங்க, இருட்டுல வீட்டுக்கு வந்து நுழையும்போது ரெண்டாம் டிகாஷன் கீழ எறங்கி நிக்கும், பால சூடு பண்ணா போதும்.